மின்கலத்துக்கும் உண்டு கணக்கு!

திருமண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. மங்கல நாண் பூட்டப்படும் நேரம் சில நொடிகள்தான். அந்த நேரம் பார்த்து ஒளிப்படக் கலைஞரின் கேமரா மின்சாரம் தீர்ந்து அணைந்துவிட்டால், அக்காட்சியை மீண்டும் ஒருமுறை நடத்திக் காட்டுமாறு யாரையும் கேட்க முடியாது. கேமராவின் விலை லட்ச ரூபாயாக இருக்கலாம். லென்சின் விலை அதையும் விஞ்சலாம். ஆனால், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மின்கலம் (பேட்டரி) ஒத்துழைக்க மறுத்தால் அத்தனை முதலீடும் அந்த நொடியில் பயனற்றுப் போகிறது.

வேடந்தாங்கலில் பறவைகளுக்காகக் காத்திருப்பவர், ஜல்லிக்கட்டுக் களத்தில் நிற்கும் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர், மின் இணைப்பு இல்லாத குன்றின் மீது கல்வெட்டைப் பதிவு செய்யும் ஆய்வாளர் என எல்லோருக்கும் இது பொருந்தும். கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். மின்கலத்தின் திறனையும் ஆயுளையும் கேட்பவர்கள் குறைவு.

படச்சுருள் காலத்தில் இந்தக் கவலை பெரிதாக இருந்ததில்லை. இயந்திர விசையால் இயங்கிய கேமராக்களுக்கு, ஒளியின் அளவைக் காட்டும் கருவிக்காக மட்டும் பொத்தான் வடிவில் ஒரு சிறு மின்கலம் தேவைப்பட்டது. அது தீர்ந்தாலும் கேமரா இயங்கும். டிஜிட்டல் கேமராவோ பிறக்கும்போதே மின்சாரப் பசியுடன் பிறந்தது. 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவின் எடை சுமார் மூன்றரை கிலோ. வெறும் 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அது 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அதற்கு 16 நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் தேவைப்பட்டன.

பின்னர் வந்த லித்தியம் அயன் மின்கலம்தான் நிலைமையை மாற்றியது. சோனி நிறுவனம் 1991-இல் அதை வணிக முறையில் அறிமுகம் செய்தது. குறைந்த எடையில் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கும் இந்த மின்கலத்துக்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மின்கலங்கள் மேம்பட்டன, கேமராவின் சில்லுகளும் மேம்பட்டன. அப்படியானால் மின்கலம் விரைவில் தீர்ந்துபோகிறது என்ற புலம்பல் ஏன் ஓயவில்லை? இதற்கு 19-ஆம் நூற்றாண்டின் பொருளியலிலேயே விடை இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் நிலக்கரி குறித்து எழுதிய நூலில், நீராவி எந்திரங்களின் திறன் கூடக்கூட நிலக்கரியின் நுகர்வு குறைவதில்லை, மாறாகப் பெருகுகிறது என்று சுட்டிக்காட்டினார். சிக்கனமாகக் கிடைக்கும் ஒன்றை நாம் மேலும் பல வேலைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்குகிறோம் என்பதே காரணம்.

கேமராவிலும் நடந்தது அதுதான். 2013-இல் வெளியான சோனி ஏ7 கேமராவின் மின்கலத் திறன் 1,020 மில்லி ஆம்பியர் மணி. ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 340 படங்கள் எடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. 2018-இல் வெளியான அதன் மூன்றாம் தலைமுறையில் மின்கலத் திறன் 2,280 ஆக உயர்ந்தது. படங்களின் எண்ணிக்கை சுமார் 710 ஆனது. மின்கலம் ஏறத்தாழ 2.2 மடங்கு பெரிதானது. படங்கள் ஏறத்தாழ 2.1 மடங்கு கூடின. அதாவது, ஒரு படத்துக்கான மின்செலவு ஐந்தாண்டுகளில் குறையவே இல்லை. கண்ணைத் தேடிக் குவியம் செய்வது, நொடிக்குப் பத்துப் படம் எடுப்பது, கைநடுக்கத்தைச் சரிசெய்வது, கைப்பேசியுடன் இணைந்திருப்பது எனப் புதிய வசதிகள், தொழில்நுட்பம் மிச்சப்படுத்தியதை எல்லாம் உண்டுவிட்டன.

நிறுவனங்கள் அறிவிக்கும் இந்த எண்ணிக்கை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர்களின் சங்கமான சிபா வகுத்த சோதனை முறையே உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 30 விநாடிகளுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். உள்ளமைந்த ஃபிளாஷ் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு படத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டும். பத்துப் படங்களுக்கு ஒருமுறை கேமராவை அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். விளையாட்டுப் போட்டியில் தொடர்ச்சியாகப் படம் எடுப்பவருக்கு இந்த எண்ணிக்கையைவிடப் பல மடங்கு கிடைக்கலாம். ஒவ்வொரு படத்தையும் எடுத்த கையோடு பெரிதாக்கிப் பார்ப்பவருக்குப் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். எனவே, இந்த எண்ணை இரு கேமராக்களை ஒப்பிடும் அளவுகோலாகக் கொள்ளலாமே தவிர, நமக்குத் தரப்பட்ட உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது.

மின்சாரம் எங்கே செலவாகிறது? கேனன் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 5டி மார்க் 4 கேமராவே இதற்கு நல்ல சான்று. கண்ணாடியில் பிரதிபலிக்கும் காட்சியைக் கண்ணால் நேரடியாகப் பார்த்து எடுத்தால் சுமார் 900 படங்கள். அதே கேமராவில், அதே மின்கலத்தில், பின்புறத் திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 300 படங்கள்தான். படம் எடுக்கும் அந்த இமைப்பொழுதில் ஆகும் செலவு குறைவு. என்ன எடுக்கலாம் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆகும் செலவே அதிகம். கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்களில் திரையோ, கண்ணருகே உள்ள மின்னணுக் காட்சியோ, ஏதேனும் ஒன்று எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருப்பதால் அவை கூடுதலாக மின்சாரத்தைச் செலவிடுகின்றன.

எனவே, சிக்கனத்தைத் திரையில் இருந்தே தொடங்க வேண்டும். திரையின் ஒளிர்வைத் தேவைக்கு ஏற்பக் குறைக்கலாம். எடுத்த படம் தானாகத் திரையில் தோன்றும் வசதியை நிறுத்தி வைக்கலாம். தேவையற்ற படங்களைக் கேமராவிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து அழிப்பதை விட்டுவிட்டு, அந்த வேலையைக் கணினியில் செய்யலாம். படங்களைக் கேமராவிலிருந்து நேரடியாக அனுப்பாமல், நினைவக அட்டையை வெளியே எடுத்து அதற்கான கருவியில் பொருத்தி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, தானாக உறங்கும் நேரம். பயன்படுத்தாத கேமரா 30 விநாடிகளிலோ, ஒரு நிமிடத்திலோ உறக்க நிலைக்குச் செல்லுமாறு அமைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு படத்துக்கும் இடையே கேமராவை முழுமையாக அணைத்து இயக்குவது சிக்கனம் என்று பலர் கருதுகின்றனர். பல கேமராக்கள் இயங்கத் தொடங்கும்போதும் அணையும்போதும் உணரியின் மீதுள்ள தூசியை அதிர்வின் மூலம் அகற்றுகின்றன. சிறிய கேமராக்களில் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே சுருங்க மோட்டார் ஓட வேண்டும். எனவே, குறுகிய இடைவெளிகளில் உறக்க நிலையே போதுமானது.

வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் ஆகியவை நாம் கவனிக்காதபோதும் செலவு செய்துகொண்டே இருப்பவை. தேவைப்படும் நேரத்தில் மட்டும் அவற்றை இயக்கினால் போதும். கேமராவை முக்காலியில் பொருத்திய பிறகு கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதிக்கு வேலை இல்லை. படம் எடுக்காதபோதும் ஓயாமல் குவியத்தைத் தேடிக்கொண்டிருக்கும் வசதியையும் நிறுத்திவிடலாம். ஃபிளாஷ் அதிகம் தேவைப்படும் நிகழ்ச்சிகளில், தனக்கெனத் தனி மின்கலம் கொண்ட வெளி ஃபிளாஷைப் பயன்படுத்துவது கேமராவின் சுமையைக் குறைக்கும். காணொலிப் பதிவு, உணரியையும் செயலியையும் ஓய்வின்றி இயக்குகிறது. அதற்குத் தனியாக மின்கலங்களை ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பு.

இவ்வளவும் எதற்காக? மின்கட்டணத்தை மிச்சப்படுத்தவா? இல்லை. சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேலே குறிப்பிட்ட 2,280 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தில் அடங்குவது 16.4 வாட் மணி ஆற்றல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 1,000 வாட் மணி. மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால்கூட, ஒரு யூனிட் மின்சாரத்தில் இந்த மின்கலத்தைச் சுமார் 50 முறை நிரப்பலாம். யூனிட்டுக்கு ரூ.8 என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நிரப்ப ஆகும் செலவு 16 காசுதான்.

உண்மையான செலவு தேய்மானத்தில் இருக்கிறது. லித்தியம் அயன் மின்கலம் பொதுவாக 300 முதல் 500 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகு தன் தொடக்கத் திறனில் சுமார் 80 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. மின்கலத்தின் விலை ரூ.5,000, அதன் ஆயுள் 500 சுழற்சிகள் என்று கொண்டால், ஒவ்வொரு சுழற்சிக்கும் பத்து ரூபாய் தேய்மானம். 16 காசு மின்சாரத்துக்கு 10 ரூபாய் தேய்மானம்! கேமராவில் சிக்கனம் என்பது மின்சாரத்தைச் சேமிப்பது அல்ல. மின்கலத்தின் ஆயுளைச் சேமிப்பது. அவசர வேளையில் அது கைகொடுக்கும் என்ற நம்பிக்கையையும் சேமிப்பது.

அந்த ஆயுளைக் குறைக்கும் முதல் எதிரி வெப்பம். நம்மூர்க் கோடையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராப் பையை விட்டுச் செல்வது மின்கலத்துக்கு நாம் இழைக்கும் பெருங்கேடு. முழுமையாக மின்னேற்றி அப்படியே மாதக்கணக்கில் வைத்திருப்பதும் கேடுதான். பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு மதிப்பீட்டின்படி, 25 டிகிரி வெப்பத்தில் 40 விழுக்காடு மின்னேற்றத்துடன் ஓராண்டு வைக்கப்பட்ட மின்கலம் தன் கொள்திறனில் சுமார் 96 விழுக்காட்டைத் தக்கவைத்துக் கொள்கிறது. முழு மின்னேற்றத்துடன் வைத்தால் அது 80 ஆகிறது. முழு மின்னேற்றத்துடன் 40 டிகிரி வெப்பத்தில் வைத்தால் 65 ஆகக் குறைகிறது. ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலேயே மூன்றில் ஒரு பங்கு திறனை இழக்க முடியும் என்பதை இது உணர்த்துகிறது.

எனவே, நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் மின்கலத்தைப் பாதியளவு மின்னேற்றத்துடன் கேமராவிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். முழுவதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டுவிட்டால், அது பின்னர் மின்னேற்றத்தை ஏற்காமலே போகலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துச் சற்று மின்னேற்றுவது நல்லது. முழுவதும் தீர்ந்த பிறகே மின்னேற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரை நிக்கல்-காட்மியம் காலத்துக்கு உரியது. லித்தியம் அயன் மின்கலத்துக்கு அது பொருந்தாது. அடிக்கடி சிறிது சிறிதாக மின்னேற்றுவதால் அதற்குத் தீங்கில்லை.

குளிரின் விளைவு வேறு விதமானது. உதகையின் பனிக்காலக் காலையிலோ, லடாக்கிலோ மின்கலம் விரைவில் தீர்ந்துவிட்டதுபோலத் தோன்றும். குளிரில் உள்ளே நிகழும் வேதிவினை மந்தமாவதே காரணம். சட்டையின் உள்பையில் உடல் சூட்டில் சற்று நேரம் வைத்திருந்தால் இழந்ததாகத் தோன்றிய திறனில் ஒரு பகுதி திரும்பிவிடும். குளிரால் வரும் இழப்பு பெரும்பாலும் தற்காலிகமானது. வெப்பத்தால் வரும் இழப்பு நிரந்தரமானது.

தொழில்முறைக் கலைஞர்கள் இரண்டு, மூன்று மின்கலங்கள் வைத்திருப்பார்கள். அவற்றின் மீது எண்ணும் வாங்கிய மாதமும் எழுதி, சுழற்சி முறையில் பயன்படுத்தினால் எது தளர்ந்துவிட்டது என்பது தெளிவாகத் தெரியும். உபரி மின்கலத்தின் உலோக முனைகள் சாவி, நாணயம் போன்றவற்றில் படாதவாறு உறையிட்டு வைக்க வேண்டும். விமானப் பயணத்தில் உபரி மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்ல வேண்டும் என்பது விதி. உப்பிய மின்கலத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அதை அழுத்தவோ துளையிடவோ முயல்வது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

இனி, சந்தைக்கு வருவோம். நிறுவனத்தின் அசல் மின்கலம் பல ஆயிரம் ரூபாய். அதே வடிவில் வேறு நிறுவனத்தின் தயாரிப்பு அதில் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கிறது. அவற்றில் தரமானவையும் உண்டு. அட்டையில் அச்சிட்ட திறனில் பாதிகூட இல்லாதவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது தரமற்ற பொருள் தரமான பொருளைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டி அவர் எழுதிய அக்கட்டுரை, 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படையாக அமைந்தது. மின்கலச் சந்தையின் நோயும் அதுவே.

இதற்கான மருந்து, நம்பத்தகுந்த முத்திரை. இந்தியாவில் விற்கப்படும் இத்தகைய மின்கலங்கள் ஐ.எஸ். 16046 தரநிலையின் கீழ் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். அந்த முத்திரையும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பார்த்து வாங்குவது நுகர்வோரின் முதல் தற்காப்பு. பல நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி லட்ச ரூபாய்க் கருவியை ஆபத்துக்கு உள்ளாக்குவது சிக்கனம் ஆகாது.

ஆனால், பொறுப்பு முழுவதையும் நுகர்வோர் மீதே சுமத்துவது நியாயமல்ல. ஒரே நிறுவனம்கூட மாடலுக்கு மாடல் மின்கலத்தின் வடிவத்தை மாற்றுகிறது. சில ஆண்டுகளில் பழைய மாடலுக்கான அசல் மின்கலம் சந்தையிலிருந்து மறைந்துவிடுகிறது. சில கேமராக்கள் பிற நிறுவன மின்கலத்தைப் பொருத்தினால் எச்சரிக்கை காட்டுகின்றன. சில இயங்கவே மறுக்கின்றன. லென்சும் உணரியும் நன்றாக இருந்தும், மின்கலம் கிடைக்காத ஒரே காரணத்தால் எத்தனையோ கேமராக்கள் அலமாரிகளில் உறங்குகின்றன. குறைந்த முதலீட்டில் பழைய கேமரா வாங்கித் தொழில் தொடங்க நினைக்கும் சிற்றூர் இளைஞருக்கு இது நேரடி இழப்பு.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறைச் சட்டம், கையடக்கச் சாதனங்களின் மின்கலங்களைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்ற விதியை 2027 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்துகிறது. டிஜிட்டல் கேமரா உள்ளிட்ட சாதனங்களுக்குப் பொதுவான 'டைப்-சி' மின்னேற்று வசதி அங்கு 2024 டிசம்பர் இறுதியில் கட்டாயமாக்கப்பட்டது. கைப்பேசிகளைப் போலன்றி, பெரும்பாலான கேமராக்களில் மின்கலத்தை நாமே மாற்ற முடிகிறது என்பது ஆறுதல். இனி வேண்டியது, மாற்றுவதற்கான மின்கலம் நீண்ட காலம் கிடைக்கும் என்ற உறுதி.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் 'பழுது நீக்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. ஒரு மாடலின் உற்பத்தி நிறுத்தப்பட்ட பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அதன் மின்கலம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற கடமையை அந்த முயற்சியின் அடுத்த கட்டமாகச் சட்டமாக்கலாம். எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதைக் கேமராவின் பெட்டியிலேயே அச்சிடச் செய்தால், வாங்குபவர் விலையோடு அதையும் ஒப்பிட்டு முடிவெடுக்க முடியும்.

ஆயுள் முடிந்த மின்கலத்தையும் மறந்துவிடக் கூடாது. 2001-ஆம் ஆண்டின் விதிகள் ஈய-அமில மின்கலங்களை மட்டுமே கவனத்தில் கொண்டன. 2022-இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை மின்கலங்களையும் உள்ளடக்கி, அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியுள்ளன. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் கடமையை நுகர்வோருக்கும் விதித்துள்ளன. குப்பைத் தொட்டியின் மீது குறுக்குக் கோடிட்ட சின்னம் மின்கலத்தில் இருப்பது இதை நினைவூட்டவே. எனினும், பழைய மின்கலத்தைக் கொண்டு சென்றால் பெற்றுக்கொள்ளும் இடம் நம் ஊரில் எங்கிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இல்லை. கேமரா விற்கும் ஒவ்வொரு கடையிலும் சேகரிப்புப் பெட்டி வைக்கப்பட்டு, பழையதைத் தருவோருக்குப் புதியதில் சிறு தள்ளுபடியும் தரப்பட்டால் விதி நடைமுறைக்கு வந்துவிடும்.

ஒரு சிறு மின்கலத்துக்குள் காங்கோவின் கோபால்ட்டும் ஆஸ்திரேலியா அல்லது சிலியின் லித்தியமும் பல நாடுகளின் தொழிலாளர் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. இரண்டாண்டு உழைக்கும் மின்கலத்தை நான்காண்டு உழைக்கச் செய்தால், ஒரு மின்கலம் தோண்டியெடுக்கப்படாமலும் ஒன்று குப்பையில் சேராமலும் தடுக்கப்படுகிறது.

இதற்குப் பெரும் முதலீடு எதுவும் வேண்டியதில்லை. திரையின் ஒளிர்வைக் குறைப்பது, வெயிலில் வைக்காதிருப்பது, பாதி மின்னேற்றத்தில் சேமிப்பது, முத்திரை பார்த்து வாங்குவது, பழையதை முறையாக ஒப்படைப்பது என்ற சில பழக்கங்களே போதும். நிறுவனங்கள் தம் பங்குக்கு மாற்று மின்கலம் தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும். அதை உறுதிசெய்ய வேண்டியது அரசின் கடமை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).